லயத்துக்கு வந்த கரண்டுக்கு ஒரு வேலை

(திருகோணமலைக்கு யாத்திரை வந்த தோட்டக் குடும்பங்கள் சல்லியில் கூடியபோது நாங்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



விடிய விடிய பஸ்ஸில் வந்து, கோணேசர் கோயிலையும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளையும் பார்த்து, சல்லி முத்துமாரியம்மனையும் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். பிள்ளைகள் கடலைப் பார்த்த கண்ணை எடுக்கவில்லை. விளையாடட்டும், ஆனால் பெரிய ஆள் யாராவது கூட நில்லுங்க. உங்களைக் கனநேரம் வைத்திருக்க மாட்டோம். ஒரு விஷயம்தான் பேச வந்திருக்கிறோம். லயத்துக்கு வந்த கரண்ட் நம்ம வீட்டுக்கு என்ன வேலை செய்யுது என்பதுதான் அது.

தலவாக்கலைப் பக்கத்து ஆட்கள் இதில் எத்தனை பேர்? கை தூக்குங்க பார்ப்போம். உங்க மலையில் பெய்கிற மழையும், பீலியில் விழுந்து ஓடுகிற தண்ணியும் கொத்மலை ஓயாவில் சேருது. அந்தத் தண்ணியை மறித்துத்தான் மேல் கொத்மலை மின் நிலையம் 2012-இல் ஓடத் தொடங்கியது, 150 மெகாவாட். அதற்குக் கீழே கொத்மலை, பிறகு விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே என்று அதே தண்ணி படிப்படியாக இறங்கி இறங்கி உருளையைச் சுத்துது. வழியில் வயலுக்கும் குளத்துக்கும் பிரிந்து போனது போக, மிச்சம் மகாவலி ஆறாக வந்து கடலில் விழுகிற இடம் எது தெரியுமா? இங்கே திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே இருக்கிற கொட்டியாரக் குடாதான். நீங்கள் பஸ்ஸில் வந்து சேர்வதற்கு முன்னாலேயே உங்க ஊர்த் தண்ணி வந்து சேர்ந்துவிட்டது.

மஸ்கெலியா, நோர்வூட் ஆட்கள் பொறாமைப்பட வேண்டாம். உங்க தண்ணி களனி கங்கையில் போகுது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளில் இருந்து நாட்டுக்கே மின்சாரம் எடுக்கலாம் என்று 1918-இல் கட்டுரை எழுதி வாசித்தார். அன்றைக்கு வெள்ளைக்கார அரசாங்கம் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. லக்சபான மின் நிலையம் ஓடத் தொடங்கியது 1950-இல்தான். பிறகு காசல்ரீ, மவுசாகலை அணைகள் வந்தன. மவுசாகலைக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே தண்ணிக்குள் போனது. கடும் வரட்சி வந்தால் பழைய கோயில் தண்ணிக்கு மேலே தெரியும், சனம் போய்ப் பார்த்துவிட்டு வரும்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறோம்? கொழுந்து எடுத்த மலை தண்ணிக்குள் போனது. அந்தத் தண்ணியில் செய்த கரண்ட் கொழும்புக்குப் போனது. நம்ம லயத்தில் எரிந்தது குப்பி லாம்பு. அதற்கும் முந்தி, தோட்டத்து ஸ்டோரில் தண்ணி உருளை வைத்து மெசின் ஓட்டின காலத்திலும் கதை இதுதான். ஸ்டோரில் வெளிச்சம், பங்களாவில் வெளிச்சம், லயத்தில் மண்ணெண்ணெய்ப் புகை.

குப்பி லாம்பு தட்டி விழுந்து எரிந்தவர்கள் எந்தத் தோட்டத்திலும் இருந்தார்கள். கொழும்பில் விஜய கொடகும்புர என்ற சத்திர சிகிச்சை வைத்தியர், எரிந்து வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல், குட்டையான, கனமான, தட்டினாலும் உருளாத ஒரு லாம்பைச் செய்தார். மாமைட் போத்தலைப் பார்த்துத்தான் அந்த யோசனை வந்ததாம். 1998-இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. அந்தக் காலத்தில் படம் பார்ப்பதற்காகக் கார் பெட்டரியைத் தோளில் சுமந்து டவுனுக்குப் போய் சார்ஜ் போட்டு வந்தவர்களும் இங்கே இருப்பீர்கள். சிரிக்கிறீங்க, அப்ப இருக்கிறீங்க.

இன்றைக்கு அநேகமாக எல்லா லயத்துக்கும் கம்பி வந்துவிட்டது. பிள்ளை இரவில் படிக்குது, கக்கூசுக்குப் போகிற வழியில் பாம்பு தெரியுது. இதைச் சின்ன விஷயம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால் வருமானம்? கம்பி வந்த மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் நடுவில், கரண்டால் வீட்டுக்கு ஒரு ரூபாய் கூடுதலாக வந்திருக்கிறதா என்று கேட்டால், பத்து வீட்டில் ஒன்பது வீடு யோசிக்கும். இது நம்ம ஊர்க் குறை மட்டுமல்ல. ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டில், கரண்ட் கொடுத்த வீடுகளையும் கொடுக்காத வீடுகளையும் ஒப்பிட்டு ஆய்வு செய்தார்கள். கம்பி மட்டும் போன வீடுகளில் வருமானம் சொல்லும்படியாக மாறவில்லை என்று 2020-இல் எழுதினார்கள். கம்பி வந்தால் காசு தானாக வராது. கரண்டுக்கு நாம் ஒரு வேலை கொடுக்க வேணும். பெரட்டுக் களத்தில் ஆளுக்கு மலை பிரித்துக் கொடுக்கிற மாதிரித்தான்.

என்ன வேலை கொடுப்பது? அதற்குத்தான் உங்களை இந்தக் கரையில் உட்கார வைத்தோம். அதோ அந்தப் படகுகளுக்குப் பக்கத்தில் கிடக்கிற ரெஜிபோம் பெட்டிகளைப் பாருங்க. மீன்காரருக்கு அந்தப் பெட்டிதான் உயிர். இந்த வெயிலில் ஐஸ் இல்லாத மீன் சில மணித்தியாலத்தில் கெட்டுப் போகும். நல்லா ஐஸ் போட்ட மீன் ஒரு வாரத்துக்கு மேலும் நிற்கும். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது சூடான நாட்டுக் கணக்கு. ஒரு டன் கட்டி ஐஸ் செய்ய 50 யூனிட்டுக்கு மேல் கரண்ட் வேணும். பெரிய செலவுதான், ஆனால் அது என்ன வாங்கிக் கொடுக்குது பாருங்க. ஐஸ் இல்லாதவர் கரையில் இறங்கின உடனேயே முதலாளி சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டுப் போக வேணும், இல்லாவிட்டால் கருவாடாக்க வேணும். ஐஸ் இருக்கிறவர், “இந்த விலைக்கு இல்லை, நாளைக்குப் பார்ப்போம்” என்று சொல்லலாம். அந்த ஒரு நாள்தான் கரண்ட் அவருக்குக் கொடுக்கிற சம்பளம்.

இந்தக் கரை சும்மா பிழைத்த கரை அல்ல. யுத்த காலத்தில் கடலுக்குப் போக நேரக் கட்டுப்பாடு, தடை. 2004 டிசம்பர் 26-இல் சுனாமி. 2022-இல் மண்ணெண்ணெய் இல்லாமல் படகு கரையில் கிடந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டு. அப்போது ஐஸும் நிற்கும்தானே. கரண்டை நம்பித் தொழில் செய்கிறவர் கரண்ட் இல்லாத நாளுக்கும் ஒரு வழி வைத்திருக்க வேணும்.

சரி, நம்ம மலைக்குத் திரும்புவோம். நமக்கு மீன் இல்லை. நம்ம வீட்டில் கெட்டுப் போகிற பொருள் எது? சொல்லுங்க... பால். அந்த அக்கா சரியாகச் சொன்னாங்க. மாடு வளர்க்கிற வீடுகளில் காலைப் பாலை லொறி எடுத்துப் போகும். மாலைப் பால்? பல தோட்டத்தில் மாலையில் லொறி வராது. கொஞ்சம் கன்றுக்கு, கொஞ்சம் வீட்டுக்கு, மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கிடைத்த விலைக்கு. கறந்த பாலை 4 பாகை சென்டிகிரேட்டுக்குக் குளிராக்கினால் காலை வரை கெடாமல் நிற்கும். 100 லீட்டர் பாலைக் குளிராக்கச் சுமார் 2 யூனிட் கரண்ட் போதும். ஒரு டிவிஷனில் 25 வீடு சேர்ந்து ஆளுக்கு 4 லீட்டர் மாலைப் பால் கொண்டு வந்தால் 100 லீட்டர். ஒரு வீடு தனியாகக் குளிரூட்டித் தாங்கி வாங்க முடியாது, வாங்கவும் கூடாது. சங்கமாக வாங்கலாம். பால் எடுக்கிற கம்பனியிடம், “தாங்கி வைத்தால் மாலைப் பாலையும் எடுப்பீர்களா, என்ன விலை?” என்று முதலில் எழுத்தில் கேட்டு வாங்க வேணும். தாங்கியை வாங்கிவிட்டுப் பிறகு கேட்கப் போகாதீங்க.

அடுத்தது தையல் மெசின். கால் மெசினுக்கு மோட்டர் போட்டால் அது இழுப்பது 100 வாட் அளவுதான். பத்து மணித்தியாலம் ஓடினால் ஒரு யூனிட். செலவென்று சொல்லவே முடியாது. 1993 தொடங்கி அரசாங்கம் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணி இலவசமாகக் கொடுக்குது. இடையில் சில வருஷம் வவுச்சராகவும் வந்தது. துணி நம்ம பிள்ளைக்கு வருது, தையற்கூலி மட்டும் டவுனுக்குப் போகுது. அந்தக் கூலி லயத்துக்குள்ளேயே நின்றால் என்ன? ஆனால் இதிலும் ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு லயத்தில் ஒரு தங்கச்சி தைத்துச் சம்பாதிப்பதைப் பார்த்து, அதே லயத்தில் இன்னும் நாலு பேர் கடன் வாங்கி மெசின் எடுத்ததை நாங்கள் பார்த்தோம். தைக்கக் கொடுக்கிற ஆட்கள் கூடவில்லை. ஐந்து பேருக்கும் அரை வேலை, கடன் மட்டும் முழுக் கடன். மெசின் கிடைப்பது கஷ்டமில்லை, வேலை கிடைப்பதுதான் கஷ்டம். ஒருத்தர் சீருடை தைத்தால், மற்றவர் சாரி பிளவுஸ் பழகட்டும், இன்னொருவர் வேறு தொழில் பார்க்கட்டும்.

மாவு மில் பற்றி நிறையப் பேர் கேட்கிறீங்க. அரிசி மா, மிளகாய்த்தூள், குரக்கன் மா எல்லாம் டவுனில் பக்கட்டாக வாங்குகிறோம். 3 குதிரைவலு மோட்டர் ஒன்று சுமார் 2200 வாட் இழுக்கும். லயத்து வயர் அதைத் தாங்காது, ஆகவே லயக் காம்பராவில் வைக்கவே கூடாது. தனி இடம், தனி வயர், தனி மீட்டர் வேணும். டிவிஷனுக்கு ஒன்று என்றால் பிழைக்கும்.

கோழிக் குஞ்சு வளர்க்கிறவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். முதல் வாரம் குஞ்சுக்கு 35 பாகை அளவு சூடு வேணும், பிறகு வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். நுவரெலியாக் குளிரில் இதுதான் பெரிய வேலை. “பல்ப் போட்டோம், குஞ்சு செத்துப் போச்சு” என்று சொல்கிறவர்கள் எந்த பல்ப் போட்டீர்கள் என்று பாருங்க. இப்போது கடையில் கிடைக்கிற எல்.ஈ.டி. பல்ப் வெளிச்சம் தரும், சூடு தராது. குஞ்சுக்குச் சூடு தருகிற பழைய குண்டு பல்ப்தான் வேணும். மனுசனுக்கு எல்.ஈ.டி., கோழிக்குக் குண்டு பல்ப் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க. கரண்ட் போனால் போட ஒரு சட்டியில் தணலும் தயாராக இருக்கட்டும், குஞ்சுக்கு எட்டாத மாதிரி கம்பி வலை போட்டு. புகையாமல் பார்த்துக்கொள்ளுங்க, கூட்டுக்குக் காற்றும் வர வேணும்.

இப்போது பில்லுக்கு வருவோம். இதைக் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேணும். 2022 ஆகஸ்டில் மின் கட்டணம் சராசரி 75 சதவீதம் கூடியது. 2023 பெப்ரவரியில் மறுபடி 66 சதவீதம். பிறகு இறங்கியும் ஏறியும் வந்திருக்கிறது. இந்த வருஷங்களில் வீட்டு மீட்டருக்கு இருக்கிற முறையில் 60 யூனிட் என்பது ஒரு பெரிய கோடு. மாதம் 60-க்குள் நின்றால் குறைந்த விலை. 61 ஆனால் அந்த ஒரு யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. முதல் யூனிட்டில் இருந்தே கூடிய விலை, நிலையான கட்டணமும் கூடும்.

ஒரு வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மூன்று எல்.ஈ.டி. பல்ப் இரவில் ஐந்து மணித்தியாலம் எரிந்தால் மாதம் 4 யூனிட். 60 வாட் டிவி ஐந்து மணித்தியாலம் ஓடினால் 9. சோத்துச் சட்டி, அதுதான் ரைஸ் குக்கர், 500 வாட், நாளுக்கு ஒரு மணித்தியாலம் என்றால் 15. அயன் பண்ணுவதற்கு 5 வையுங்க. மொத்தம் 33. இதோடு தையல் மெசின் நாளுக்கு 4 மணித்தியாலம், 25 நாள் ஓடினால் இன்னும் 10. ஆக 43, கோட்டுக்குள்ளேயே நிற்குது. இப்போது தவணைக்கு ஒரு பிரிட்ஜ் எடுங்க. அது மாதம் 35 இழுத்தால் 78. தையலில் வந்த காசில் ஒரு பங்கை பிரிட்ஜ் தின்னுது. பிரிட்ஜ் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. யோகட், தயிர் செய்து விற்கிறவருக்கு அது தொழில் சாமான். சும்மா தண்ணிப் போத்தல் வைப்பதற்கும் ஐஸ் பக்கட் விற்பதற்கும் என்றால், ஹட்டன் குளிரில் ஐஸ் பக்கட் யார் வாங்குவது?

தொழில் பெரிதாகி வீட்டு பில் கோட்டைத் தாண்டுகிற நிலை வந்தால், தொழிலுக்குத் தனி மீட்டர் கேட்கலாம். கைத்தொழிலுக்கு வேறு கட்டண வகை இருக்கிறது. உங்க பகுதி மின்சார அலுவலகத்தில் அன்றைய விலையைக் கேட்டு, இரண்டையும் கடுதாசியில் எழுதி ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்க.

தனி மீட்டர் என்று சொன்னதும் சில முகம் வாடுது, எங்களுக்குத் தெரியும். லயம் நம்ம பேரில் இல்லை. வயர் இழுக்க, மீட்டர் மாற்ற, கூடாரம் கட்டத் தோட்டத்து நிர்வாகத்தின் கடிதம் கேட்கிறார்கள். கடிதத்துக்கு அலைந்து இரண்டு மூன்று பேர் இழந்தவர்கள் இருக்கிறீர்கள். ஒரு நாள் பேர் போனால் அன்றைய சம்பளம் போச்சு. இதற்கு நாங்கள் சொல்வது, ஒரு ஆளாகப் போகாதீங்க. பத்து வீட்டு விண்ணப்பத்தை ஒரே நாளில், சங்கத்தின் கடிதத்தோடு கொடுங்க. கொடுத்த திகதியைப் பிரதியில் எழுதி ஒப்பம் வாங்குங்க. வாய்ச் சொல்லாகக் கேட்டதற்குப் பதில் தேட முடியாது.

சேர்ந்து செய்வது நமக்கு முடியாத காரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் கம்பி போகாத கிராமங்களில், சனமே மின் நுகர்வோர் சங்கம் வைத்து, ஓடையை மறித்துச் சின்ன மின் நிலையம் நடத்தினார்கள். 1990-களில் தொடங்கி நூற்றுக்கு மேல் கிராமங்களில் இது நடந்தது. வீட்டுக்குக் கிடைத்தது 100 முதல் 250 வாட் வரைதான். அயன் போட்டால் ஊர் முழுக்க மங்கும். ஆகவே எந்த வீடு எப்போது என்ன போடலாம் என்று சங்கத்தில் பேசி விதி வைத்தார்கள். பெரிய கம்பி வந்த பிறகு பல இடங்களில் அந்த நிலையங்கள் மூடப்பட்டுப் போனது எங்களுக்கு வருத்தம்தான். ஆனால் கூட்டம் போட்டு, கணக்கு வைத்து, ஓடை கால்வாயைச் சிரமதானத்தில் துப்புரவாக்கி நடத்தின சனம் நம்மைப் போன்ற சனம்தான்.

அக்காமாரே, தங்கச்சிமாரே, இது உங்களுக்கு. தென்னாபிரிக்காவின் கிராமங்களில் கரண்ட் வந்த பிறகு வேலைக்குப் போகிற பெண்கள் தொகை கூடியது என்று ஓர் ஆய்வு 2011-இல் வந்தது. காரணம், விறகுக்குப் போன நேரமும் அடுப்படியில் நின்ற நேரமும் மிச்சமானது. நம்ம பெண்கள் கரண்ட் வருவதற்கு முன்பே வேலைக்குப் போனவர்கள். விடியற்காலை எழும்பி அடுப்பு மூட்டி, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, மலைக்கு ஓடி, மாலையில் விறகோடு வருகிறீர்கள். அதற்கு மேல், “கரண்ட் வந்துவிட்டது, இரவு பத்து மணி வரை தை” என்றால் அது வருமானம் அல்ல, உடம்பைத் தின்கிற வேலை. ஆகவே கரண்ட் முதலில் உங்க நேரத்தை மிச்சப்படுத்தட்டும், அந்த நேரத்தில் தொழில் செய்யுங்க. ரைஸ் குக்கருக்குப் போகிற 15 யூனிட்டை வீண் செலவு என்று ஆம்பிளைகள் சொன்னால், விறகு யார் கொண்டு வருகிறார்கள் என்று கேளுங்க. அண்ணன்மாரே, கோபப்படாதீங்க. சோத்துச் சட்டியின் சுவிட்சை நீங்களும் போடலாம்.

கடைசியாக, உயிர். ஒரு காம்பராவில் வயர் உருகித் தீப்பிடித்தால் முழு லயமும் எரியும். ஒரே கூரை, ஒரே பலகைத் தட்டு. தீப்பிடித்து லயம் எரிந்த செய்தி பத்திரிகையில் வராத வருஷம் இல்லை. ஒரு பிளக்கில் மூன்று நாலு சாமான் மாட்டுவது, பக்கத்துக் காம்பராவுக்கு வயர் கொடுப்பது, பியூசுக்குப் பதில் கம்பி சுற்றுவது, இந்த மூன்றையும் இன்றோடு விடுங்க. ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்க. சுவிட்ச் விழ வேணும். விழாவிட்டால் அது சும்மா தொங்குகிற பெட்டி. மரக்கறித் தோட்டத்துக்குப் பன்றி வராமல் இருக்கக் கரண்ட் கம்பி கட்டுகிற பழக்கமும் இருக்கிறது. சட்டவிரோதம் மட்டுமில்லை. பன்றிக்குக் கட்டின கம்பியில் மாட்டி மனுசர் செத்த கதை உங்களுக்கே தெரியும்.

பேச வேண்டியதைப் பேசிவிட்டோம். அடுத்த மாதச் சங்கக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு வீடும் கடைசி மூன்று மாதக் கரண்ட் பில்லைக் கொண்டு வாங்க. தொலைந்திருந்தால் மீட்டரில் இருக்கிற இலக்கத்தை ஒரு மாதத்து முதல் நாளும் கடைசி நாளும் எழுதிக்கொண்டு வந்தாலும் போதும். மாடு இருக்கிற வீடுகள் ஒரு வாரத்து மாலைப் பாலை அளந்து எழுதி வாங்க. தையல் தெரிந்தவர்கள் பேர் கொடுங்க. எந்த டிவிஷனில் எத்தனை பேர் என்று பார்த்து, யார் என்ன தைப்பது என்று அங்கேயே பேசுவோம். இப்போது சாப்பாடு வந்துவிட்டது. மீன் குழம்புதான். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கால் கழுவி வரச் சொல்லுங்க. பஸ் இரண்டு மணிக்கு.